எதிர்பாராமல் கரு தங்குவது ஏன்?

கைக்குழந்தைக்கு எட்டு மாதம். இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. அதற்குள் அம்மாவுக்கு மறுபடியும் வாந்தி, மயக்கம்.

"மாதவிலக்கே இன்னும் வரவில்லையே! எப்படிக் கரு தங்கியது?" என்று அவள் திகைக்கிறாள்.

"எல்லாம் தலைவிதி" என்கிறார் மாமியார்.

இது தலைவிதி அல்ல. இதற்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் தடுக்கலாம்.

பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மைதான். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால்தான் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் கரு தங்கலாம். ஏனென்றால், கருமுட்டை முதலில் வெளிவரும். சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும்.

இன்னொரு காரணம், மாத்திரையை விட்டு விட்டுப் போடுவது. கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். மனைவி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். பண்டிகைக்குக் கணவர் திடீரென்று வருகிறார். அன்று ஒரு மாத்திரை போட்டால் போதாது. மாலா-என் மாத்திரையைத் தினமும் போட வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால், முதல் 7 நாட்கள் ஆணுறையும் தேவை.

'அது பெண்கள் விஷயம்' என்று ஆண்கள் ஒதுங்குவதும் ஒரு காரணம். 2019-21இல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. மணமான பெண்கள் 100 பேரில் சுமார் 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருந்தார்கள். கணவர் செய்துகொண்டது 100க்கு ஒன்றுகூட இல்லை!

ஆண்களுக்கான அறுவை எளிது. ஆனால் அதன்பின் 3 மாதம் வேறு பாதுகாப்பும் வேண்டும். இது தெரியாமல் இருந்துவிட்டு, கரு தங்கியதும் மனைவியைச் சந்தேகிப்பது அநியாயம்.

மாதவிலக்கு தள்ளிப்போனால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாட்டு மருந்து, குச்சி வைப்பது வேண்டாம். உயிரே போய்விடும். கருத்தடை முறை தவறிக் கரு தங்கினால், 20 வாரம் வரை மருத்துவர் மூலம் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும். கணவர் கையெழுத்து தேவையில்லை.

மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி, மூன்று மாத ஊசி எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எது நமக்கு ஏற்றது என்று செவிலியரிடம் கேட்கலாம்.

அதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வி. அடுத்த குழந்தை எப்போது? வேண்டுமா, வேண்டாமா? கணவனும் மனைவியும் இன்றே உட்கார்ந்து பேசுங்கள்.