உதடு மரத்தது, பல் மரக்கவில்லை

மேல்வரிசைப் பல்லுக்கு மரப்பு ஊசி போடுவது பல் மருத்துவருக்குச் சுலபம். மேல்தாடை எலும்பின் வெளிச்சுவர் மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லின் வேர்நுனிக்கு நேராக, கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் மருந்தை இறக்கினால், எலும்புக்குள் ஊறிப்போய் வேரடி நரம்பைத் தொட்டுவிடும். கீழ்க்கடைவாய்ப் பல்லிடம் இந்த வழி எடுபடாது. பெரியவர்களுக்கு அந்த இடத்து எலும்பு தடித்துக் கெட்டிப்பட்டிருக்கும். வெளியே இறக்கிய மருந்து போதுமான அளவு உள்ளே போய்ச் சேராது. ஆகவே மருத்துவர் பல்லை விட்டுவிட்டு, அதற்கு வரும் நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தைத் தேடிப் போகிறார். கண்ணுக்குத் தெரியாத இடம் அது.

முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் மண்டை நரம்பு. மூன்று பெருங்கிளைகள் இருப்பதால் முக்கிளை நரம்பு என்றும் சொல்வார்கள். கண்ணுக்கும் நெற்றிக்கும் ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூன்றாவது கிளை மண்டையோட்டின் அடியில் ஒரு முட்டை வடிவத் துளை வழியாக இறங்கி, பலவாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்றுதான் கீழ்ப்பல் நரம்பு.

காதுமடலுக்குக் கீழே கைவைத்தால், தாடையின் பின்பகுதி செங்குத்தான தட்டாக மேலேறுவது தெரியும். அந்தத் தட்டின் உட்புறத்தில், ஏறக்குறைய நடுவில், ஒரு துளை இருக்கிறது. கீழ்ப்பல் நரம்பு ஒரு தமனியையும் சிரையையும் கூட்டிக்கொண்டு அதற்குள் நுழைந்து, கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அடியில் எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகே ஒரு பிரிவு இன்னொரு சிறு துளை வழியாக வெளியே வந்து கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகிறது, மீதி முன்பற்களுக்கு. பின்னால் இருக்கும் பல்லுக்குப் போட்ட ஊசியில் முன்னால் இருக்கும் உதடு தடித்தாற்போல் ஆவது இதனால்தான்.

அந்தத் துளைக்கு வழி கண்டுபிடிப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, மருத்துவர் கட்டைவிரலால் தாடைத் தட்டின் முன்விளிம்பைத் தடவுகிறார். விளிம்பு எங்கே அதிகமாக உள்வாங்கியிருக்கிறதோ அதுதான் ஊசி நுழைய வேண்டிய உயரம். கடைசிப் பல்லுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு சவ்வு மடிப்பு இழுபட்டு நிற்கும். அதற்கும் விரலுக்கும் நடுவே ஊசிமுனை. சிரிஞ்சின் உடல் எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேல் சாய்ந்திருக்கும். ஊசி மெதுவாக 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை போகும். பிறகு எலும்பு தட்டுப்பட வேண்டும்.

அந்தத் தட்டுப்படுதலை நம்பியே எல்லாம் நடக்கிறது. சீக்கிரமே தட்டினால் ஊசி முன்னால் இருக்கிறது. தட்டவே இல்லையென்றால் மிகவும் பின்னால் போய்விட்டது. அங்கே காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியும், அதனூடே முகத்தசைகளை இயக்கும் நரம்பும் இருக்கின்றன. மருந்து அங்கே இறங்கினால் முகத்தின் ஒரு பக்கம் தொங்கி, கண்ணிமை மூட மறுக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் சரியாகிவிடும் என்றாலும், கண்ணாடியில் பார்ப்பவருக்கு அந்த சில மணி நேரம் கொடுமைதான். அதனால்தான் எலும்பைத் தொடாமல் மருந்தை இறக்காதே என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். தொட்டதும் இம்மியளவு பின்னிழுத்து, ரத்தம் ஏறுகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, சுமார் ஒன்றரை மில்லி மருந்தை நிதானமாகச் செலுத்துவார். வெளியே எடுக்கும் வழியில் நாக்கு நரம்புக்குக் கொஞ்சம். கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்க ஈறுக்கு வேறொரு நரம்பு வருவதால், பல்லைப் பிடுங்குவதென்றால் அதற்குத் தனியாக இன்னொரு குத்து.

இந்த வழியை முதலில் முயன்றவர்களில் ஒருவர் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1884 செப்டம்பரில், வியன்னாவின் கார்ல் கோலர் கோகெய்ன் சொட்டுகள் கண்ணை மரக்கச் செய்வதைக் கண்டறிந்த செய்தி வெளியானது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹால்ஸ்டெட்டும் அவருடைய நண்பர் ரிச்சர்ட் ஹாலும் கோகெய்னை ஊசியில் ஏற்றிக் கீழ்ப்பல் நரம்பை மரக்க வைத்துவிட்டார்கள். தங்கள் உடம்பிலேயே சோதித்ததில் இருவரும் கோகெய்னுக்கு அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பெரும்புகழ் பெற்ற அறுவைப் பேராசிரியரானார். போதைப் பழக்கம் அவரை முழுதாக விடவேயில்லை. இன்று நம் வாயில் இறங்கும் லிக்னோகெய்ன் அந்த ஆபத்து இல்லாதது. ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கிய மருந்து அது.

லிக்னோகெய்ன் நரம்பைச் சேதப்படுத்துவதில்லை. நரம்பிழையின் சுவரில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதற்கான வழிகள் உண்டு; அந்தப் பாய்ச்சல்தான் வலிச்செய்தி. மருந்து இழைக்குள் ஊடுருவி, உள்ளிருந்து அந்த வழிகளை அடைக்கிறது. கரும்புக்குக் கணு இருப்பதுபோல, கொழுப்புறை போர்த்திய நரம்பிழைக்கும் இடையிடையே உறையில்லாத கணுக்கள் உண்டு. செய்தி கணுவுக்குக் கணு தாவிப் போகும். ஒரு கணுவை அடைத்தால் அதைத் தாண்டிக் குதித்துவிடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று கணுக்களாவது அடைபட வேண்டும். மருந்து நரம்பின் அருகே தேங்கி நிற்க வேண்டியிருப்பது இதற்காகத்தான். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மருந்து அடித்துக்கொண்டு போகாமல் காப்பதற்கென்று கூடவே துளி அட்ரினலின் சேர்ப்பார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின்னும், நூற்றுக்கு 15 முதல் 20 முறை இந்த ஊசி தவறும் என்று பாடப்புத்தகங்களே சொல்கின்றன. தாடைக்குத் தாடை துளையின் இடம் மாறுகிறது. சிறு குழந்தைகளுக்கு அது இன்னும் தாழ்வாக இருக்கும். சிலருக்கு வேறொரு சிக்கல்: கீழ்ப்பல் நரம்பு துளைக்குள் நுழையும் முன்பே, வாயின் அடித்தளத் தசைக்கு ஒரு கிளை பிரிகிறது. பல்லுக்கான சில இழைகள் அந்தக் கிளையோடு கிளம்பி, வேறு வழியாகப் பல்லுக்கு வந்துசேர்கின்றன. அவற்றை ஊசி தொடுவதேயில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினம், ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறிக்கும் பல். வீங்கிச் சிவந்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்து இழைக்குள் புக முடியாது என்று வழக்கமாக விளக்குவார்கள். பல்லின் அருகே போடும் ஊசிக்கு அது பொருந்தும். தாடையின் பின்கோடியில் போடும் ஊசி ஏன் தோற்க வேண்டும்? அங்கே வீக்கமே இல்லையே. அழற்சி நரம்பையே மாற்றிவிடுகிறது என்பதுதான் இன்று வலுவாகச் சொல்லப்படும் காரணம். வலியிழைகள் சிறு தூண்டலுக்கும் துள்ளும் நிலைக்கு வருகின்றன. லிக்னோகெய்னுக்கு எளிதில் மசியாத சோடியம் வழிகள் அவற்றில் பெருகுகின்றன.

உதடு நன்றாக மரத்திருக்கும், பல் மட்டும் மரத்திருக்காது. “ஊசி போட்டாச்சே, இனி வலிக்காது, பயம்தான் உங்களுக்கு” என்று அந்த நேரத்தில் சொல்வது அநியாயம். வலிக்கிறது என்று கையைத் தூக்குபவர் உண்மையைத்தான் சொல்கிறார். நல்ல மருத்துவர் துளைபோடும் முன்பே குளிர்மருந்து தெளித்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் பல் இன்னும் விழித்திருக்கிறது.

அப்போது வேறு வழிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கோ-கேட்ஸ் 1973-இல் வெளியிட்ட முறையில், ஊசி தாடைமூட்டின் கழுத்துவரை மேலே போகிறது. கிளைகள் பிரிந்து விலகும் முன்பே அங்கே மருந்து இறங்குகிறது. 1977-இல் அகினோசி விளக்கியது வாயை மூடியபடியே போடும் முறை. பாக்கும் குட்காவும் போட்டு வாய் திறக்க முடியாமல் போனவர்களுக்கு அது பெரிய உதவி. பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய நாரிலும் மருந்தை ஏற்றலாம்.

எதுவும் பலிக்காவிட்டால் கடைசி வழி, திறந்த பல்லின் கூழுக்குள்ளேயே நேராக ஊசியை இறுக்கமாகச் செருகி அழுத்துவது. சில நொடிகளில் மரத்துவிடும். மருந்துக்குப் பதிலாக வெறும் உப்புநீரை ஏற்றினாலும் மரக்கிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் அழுத்தம். முதல் நொடி சுரீர் என்று வலிக்கும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.