மேசைமேல் ஒரு மீட்டர் பாதை

உங்கள் குடும்பத்தில் யாராவது ரயில் பாதையில் வேலை செய்ததுண்டா? தாத்தாவோ பாட்டனோ வெயிலில் கட்டை சுமந்து, ஜல்லி கொட்டிய கதை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. தூரம் சுமார் 8 மைல்தான். அதன்பின் நாடெங்கும் நீண்ட பாதைகளில் நம்மவர் சிந்திய வியர்வை கொஞ்சமல்ல.

அந்த வேலையின் நுணுக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வழி உண்டு. குட்டித் தண்டவாளம் ஒன்றைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்.

“கடையில் வாங்கினால் ஆகாதா?” என்று கேட்பீர்கள். கடைகளில் பரவலாக விற்பது எச்.ஓ. என்னும் அளவு. உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதை 87ஆல் பெருக்கினால் சுமார் 1,435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்கான அகலம். நம் நாட்டுப் பாதையோ ஒரு மீட்டர். அதை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11.5. மாதிரி ரயில் செய்வோர் இதை 12 என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்த அளவுப் பாதையைக் கடையில் தேடி அலைவதைவிட நாமே போடுவது மேல்.

தண்டவாளத்துக்கு நிக்கல் சில்வர் கம்பி வாங்குங்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். 1.4 மில்லிமீட்டர் உயரம் போதும். கட்டைகளுக்கு, வானொலிப் பெட்டிக்குள் இருக்குமே, அதைப் போன்ற செம்புத் தகடு ஒட்டிய பலகையை வாங்கி 23 மில்லிமீட்டர் நீளத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நல்லதல்ல. எல்லாக் கட்டையும் செம்பாக இருக்க வேண்டியதில்லை. ஐந்துக்கு ஒன்று போதும். மற்றவை அதே கனமுள்ள மரக்குச்சிகளாக இருக்கலாம்.

ஒவ்வொரு செம்புக் கட்டையின் நடுவிலும் அரத்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துச் செம்பைத் துண்டித்துவிடுங்கள். மறந்தால் இரண்டு தண்டவாளத்தின் மின்சாரமும் ஒன்றாகி, வண்டி நகராது.

இனி, காகிதத்தில் பாதையை வரைந்து கட்டைகளை ஒட்டுங்கள். முதல் தண்டவாளத்தை நேராக வைத்து, சூட்டுக்கோலால் ஈயப்பற்று வையுங்கள். இரண்டாவதை வைக்கும்போது 12 மில்லிமீட்டர் அளவுகோலை இடையில் பிடித்துக்கொண்டே பற்றவையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். சிறுவர்கள் பெரியவர் துணையின்றிச் சூட்டுக்கோலைத் தொடக்கூடாது.

இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நம் ஊர் வெயிலில் உலோகம் நீளும். இடம் இல்லாவிட்டால் பாதை வளைந்துவிடும். பெரிய பாதையிலும் மூட்டுகளில் இடைவெளி விட்டதற்கு இதுவே காரணம்.

முடிந்ததும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்டவாளத்தின் மட்டத்திலிருந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது நேராகத் தெரிந்த பாதை, இப்போது பாம்பாய் நெளியும்! பாதை மேஸ்திரிகள் அப்படித்தான் கோணல் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு பெட்டியை விரலால் தள்ளிப் பாருங்கள். தடம் புரண்டால் அந்த இடத்தை மறுபடி சூடாக்கித் திருத்துங்கள். இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகு, உண்மைப் பாதையில் 87 மில்லிமீட்டர் பிசகு. அங்கே உயிர்களே போய்விடும்.

ஒரு முழ நீளம் போடுவதற்குள் உங்கள் பிள்ளைக்கு முதுகு வலிக்கும். அப்போது சொல்லுங்கள்: “உன் பாட்டன் காலத்தவர் செய்தது வெறும் கூலி வேலையல்ல, கண்ணும் கையும் சேர்ந்த தொழில்.”

அந்த முதல் பாதை இன்று இல்லை. போர்ட் வெல்ட் இப்போது கோலா செபெத்தாங். ஆனால் நிலையத்தின் பழைய பெயர்ப் பலகை அங்கே நிற்கிறது. அதில் தமிழும் இருக்கிறது. உங்கள் குட்டிப் பாதையின் ஓரத்திலும் அப்படி ஒரு பலகை எழுதி நட்டுவையுங்கள்.