செப்புச் சன்னத்தைத் தெரிவுசெய்தல்: வேட்டைக்காரரின் கவலையும் உண்போரின் கவலையும்

2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் வறியோருக்கு இலவசமாக உணவு வழங்கும் நிலையங்களுக்கு அரச சுகாதாரத் திணைக்களத்திடமிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. வேட்டைக்காரர்கள் நன்கொடையாக அளித்திருந்த அரைத்த மான் இறைச்சியை எவருக்கும் வழங்காது அழித்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அவ்விறைச்சிப் பொதிகளை ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர் ஒருவர், பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துகள்களைக் கண்டிருந்தார். மானை வீழ்த்திய சன்னங்களிலிருந்து சிதறிய ஈயமே அது.

சன்னம் என்ற சொல்லைப் பத்திரிகைகளில் வேறொரு பொருளிலேயே வாசித்துப் பழகியவர்கள் நாம். ஆயினும் நாம் வந்தடைந்த நாடுகள் பலவற்றில் வேட்டை என்பது இலையுதிர்கால வழமை. அயலவர் அன்போடு கொண்டுவந்து தரும் மான் இறைச்சியை வாங்கிச் சமைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அந்தப் பொதியினுள் என்ன இருக்கிறது என்பது, அதைத் தந்தவர் எந்தச் சன்னத்தைத் தெரிவுசெய்தார் என்பதைப் பொறுத்தது.

வழமையான வேட்டைச் சன்னம் மெல்லிய செப்புத் தகட்டினால் போர்த்திய ஈயக் கட்டியாகும். ஈயம் மென்மையானது. விலங்கின் உடலில் மோதியதும் விரிந்து, உடைந்து, துகள்களாகத் தெறிக்கும். அவற்றுட் பல கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாதவை; சன்னம் சென்ற வழியிலிருந்து பத்து அங்குலத்திற்கு அப்பாலும் அவை காணப்பட்டதுண்டு. காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்ற பழைய நம்பிக்கை இதனால் ஆட்டங்கண்டது. அதே வட டக்கோட்டாவில் 738 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டபோது, வேட்டை இறைச்சி உண்போரிடம் ஈயத்தின் அளவு டெசிலீற்றருக்குச் சராசரியாக 0.30 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தது. இது சிறிய அளவுதான். ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை.

முழுவதும் செம்பினாலான சன்னம் இதற்கு மாற்று. 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் அத்தகையதொன்றை வெளியிட்டது. அதன் முனையிலுள்ள குழி, மோதும் வேகத்தில் நான்கு இதழ்களாக விரியும். சன்னமோ தன் நிறையை ஏறத்தாழ முழுமையாகவே வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த முதற் சன்னங்கள் துப்பாக்கிக் குழலினுள் செப்புப் படிவை விட்டுச் சென்று வேட்டைக்காரரைச் சலிப்படையச் செய்தன. 2003இல் வந்த வடிவத்தில் உடலைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டப்பட்டதன் பின்னரே அக்குறை தணிந்தது. இன்று ஹோர்னடி, நொஸ்லர், லப்புவா முதலிய நிறுவனங்களும் ஈயமற்ற சன்னங்களைச் செய்கின்றன.

வெற்றுக் கோதில் வெடிமருந்தை நிறுத்திட்டுத் தோட்டாவைத் தாமே செய்துகொள்பவர்கள் இவற்றுள் எதைத் தெரிவது? பலர் இடறும் இடம் இதுதான். ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பினது 8.96. ஆகவே ஒரே நிறையும் ஒரே விட்டமும் கொண்ட இரு சன்னங்களில் செப்புச் சன்னமே நீளமானது. நீண்ட சன்னம் தள்ளாடாமற் பறக்க வேண்டுமானால் குழலின் உட்புரி அதை விரைந்து சுழற்ற வேண்டும். பன்னிரண்டு அங்குலத்திற்கு ஒருமுறை சுழற்றும் பழைய 308 துப்பாக்கியில் 180 கிரெயின் செப்புச் சன்னத்தை இட்டுவிட்டு, குறி தவறுகிறதே என்று செம்பைப் பழிப்பதில் நியாயமில்லை. 180 கிரெயின் ஈயத்தைப் பயன்படுத்தியவர் 150 கிரெயின் செம்புக்கு இறங்கலாம். நிறை குறைந்தாலும் அது உடையாது, ஆழமாகவே ஊடுருவும். தந்தையார் காலத்து நிறையை விட மனம் வராதோரே இதற்கு இணங்க மறுப்பர்.

வேகமே அடுத்து நோக்க வேண்டியது. செம்பு கடினமானதாகையால், விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வரையிலான வேகத்திற்குக் கீழே பெரும்பாலான செப்புச் சன்னங்கள் சரிவர விரிவதில்லை. விரியாத சன்னம் ஊசிபோலத் துளைத்துச் சென்றுவிட, காயமுற்ற மான் காட்டினுள் நெடுந்தூரம் ஓடி வதைபட்டுச் சாகும். எனவே தாம் சுடும் மிகக் கூடிய தூரத்தில் எஞ்சியிருக்கும் வேகத்தைக் கணித்த பின்னரே சன்னத்தை வாங்க வேண்டும். நீண்ட சன்னம் கோதினுள் கூடுதலான இடத்தைப் பிடிப்பதால் அமுக்கமும் மாறும். ஈயச் சன்னத்திற்குரிய மருந்தளவை இதற்கும் இடுவது ஆபத்தானது. குறித்த சன்னத்திற்கென உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையைப் பின்பற்றிக் குறைந்த அளவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். உட்புரி தொடங்கும் இடத்திற்கும் சன்னத்திற்குமிடையே ஏறத்தாழ 0.05 அங்குல இடைவெளியிலிருந்து பரிசோதிக்குமாறு பார்ன்ஸ் ஆலோசனை கூறுகிறது. விலை கூடுதல் என்பது உண்மையே. ஆனால் ஒரு பருவத்தில் மானை நோக்கிச் சுடப்படுபவை ஒருசிலவே.

கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாகத் தடைசெய்தது. ஈயம் கலந்த எச்சங்களைத் தின்று மடிந்த கொண்டோர் என்னும் பெருங்கழுகுகளே அதற்கு முதற் காரணம். டென்மார்க் 2024 ஏப்ரலில் வேட்டைத் துப்பாக்கிச் சன்னங்களுக்கும் தடை விதித்தது. வேறு பல இடங்களில் தெரிவு இன்னமும் சுடுபவரின் கையிலேயே உள்ளது.

ஆகவே பொதியைப் பெறுமுன் எந்தச் சன்னம் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல வேட்டைக்காரர் அதைக் குறையாகக் கொள்ளார். செம்பு எனின் அரைத்த இறைச்சியையும் தாராளமாக வாங்கலாம். ஈயம் எனின் அரைத்ததைத் தவிர்த்து, காயத்திற்கு வெகு தொலைவிலுள்ள பின்தொடையை முழுத் துண்டாகப் பெறுவது நன்று. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதனையும் கொடாதிருப்பதே உத்தமம்.