லயத்து முயலும் பாமசி மாத்திரையும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் போன மாரியில் பார்த்தது. லயத்தின் பின்பக்கம் கானோரமாக ஒரு கூடு. பழைய பலகை, கோழி வலை, மேலே துருப்பிடித்த தகரம். உள்ளே நாலு வெள்ளை முயல்கள். மூன்று புல் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மூலையில் முதுகை வளைத்துக் குந்தியிருந்தது. "வயித்தால போகுது தம்பி. நேத்து பாமசியில சொல்லி மாத்திரை வாங்கிக் கரைச்சு ஊத்துனேன்" என்றார் வீட்டுக்கார அக்கா. அட்டையை வாங்கிப் பார்த்தேன். அமொக்சிசிலின். மூன்றாம் நாள் அந்த முயல் இல்லை.

மனிதருக்கு அது நல்ல மருந்துதான். முயலுக்கு எமன். முயலின் சிறுகுடல் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. தின்ற புல் அங்கேதான் நுண்ணுயிர்களால் புளித்துச் சத்தாகிறது. அந்தச் சத்தை முயல் இரவில் மென்மையான புழுக்கையாக விட்டு, நேரே வாயால் எடுத்துத் திரும்பத் தின்னும். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அதன் உயிரே அந்த இரண்டாம் சாப்பாட்டில்தான் இருக்கிறது. அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் பைக்குள் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் சாகும். கிளொஸ்ட்ரிடியம் என்கிற கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நஞ்சைக் கக்கும். வாந்தியெடுத்துத் தப்பவும் முயலால் முடியாது, அதன் உடலமைப்பு அப்படி. முயலுக்கு வரும் நோய்களை விட இந்த மாத்திரை அட்டைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்பதே தவறு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் "முயலுக்குத்தானே" என்றால் கடைக்காரர் கை தானாக அலுமாரிக்குப் போகிறது.

அந்த முயலுக்கு என்னதான் நோய்? மாரியில் குட்டி முயலுக்கு வயிறு ஊதி, கழிந்து, மெலிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொக்சிடியோசிஸ். கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த இரத்தக் கழிச்சலின் ஒன்றுவிட்ட தம்பி. தாயிடம் பால் மறக்கும் வயதுக் குட்டிகளைத்தான் அதிகம் பிடிக்கும். இதன் ஒரு வகை ஈரலையே தாக்கும். செத்த முயலை வைத்தியர் அறுத்துக் காட்டினால் ஈரல் முழுக்க அரிசிமணி சிதறியது போல வெள்ளை முடிச்சுகள் தெரியும். கிருமியின் முட்டை புழுக்கையோடு வெளியே வருகிறது. வந்த உடனே அது நோயைத் தராது. ஈரத்தில் ஒரு நாளாவது கிடந்து முற்ற வேண்டும். நாம் ஜெயிக்கக்கூடிய இடம் அதுதான். தினமும் காலையில் புழுக்கையைத் தள்ளி, புல்லைத் தரையில் போடாமல் தட்டியில் கட்டிவிட்டால் பாதி நோய் நின்றுவிடும். டெட்டோல் தெளிப்பதால் அந்த முட்டை சாகாது. கொதிநீரும் நல்ல வெயிலும்தான் சரி. ஊவாவில் மாரி மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை இழுக்கும். அந்த மாதங்களில் வெயிலுக்கு எங்கே போவது? ஆகவே கொதிநீர். கச்சான் வீசும் காலத்தில் பிரச்சினை வேறு. தூசியில் தும்மல் வரும், மூக்கு ஒழுகும், முன்னங்கால் மயிர் சளியில் ஒட்டிக் கிடக்கும்.

கொக்சிடியோசிஸுக்கு மருந்து உண்டு. புழுக்கையை நுண்காட்டியில் பார்த்து, முயலை நிறுத்துப் பார்த்து, வைத்தியர் அளவு சொல்வார். கோழிக்கு வாங்கிய பக்கெட்டில் மிச்சம் கிடப்பதைக் கண்ணளவில் கலக்குவது வைத்தியமல்ல.

அடுத்தது காதுச் சொறி. காதுக்குள் மண்ணிறத்தில் பொருக்கு அடுக்கடுக்காக ஏறும். முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. அடியில் பச்சைப் புண், வலியில் துடிக்கும். வைத்தியர் போடும் ஊசியில் பூச்சி செத்தால் பொருக்கு தானே உதிரும். உள்ளே முட்டை மிச்சமிருக்கும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடி ஊசி வேண்டும். அந்த இரண்டாவது ஊசிக்குத்தான் யாரும் போவதில்லை. மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் பூசினால் முயல் அதை நக்கி விழுங்கும். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்து முயலைக் கொல்லும். உடம்புச் சொறியும் படையும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டக்கூடியவை. முயலைத் தூக்கிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கென்றே ஓர் ஆபத்து, மருந்தடித்த புல். கிளைபோசேற் என்கிற களைநாசினியை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி விட்டார்கள். அடித்த புல் பல நாள் பச்சையாகவே நிற்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எந்த நம்பர் மலையில் எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுவிட்டுப் புல்லறுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்த மலையில் நிற்பது உங்கள் கால்களும்தானே. வெலிமடைப் பக்கம் இலவசமாகக் கிடைக்கும் கோவா இலைக்கும் இதே கேள்வி பொருந்தும்.

"மாட்டு டாக்டர் முயலைப் பார்ப்பாரா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். பார்ப்பார். அரச கால்நடை வைத்திய அலுவலகம் மாட்டுக்கு மட்டும் திறந்ததல்ல. அங்கே முடியாததைக் கண்டி பக்கத்தில் கன்னொறுவையில் இருக்கும் கால்நடை வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பவும் வழி உண்டு. மருந்தை வெளியே வாங்கச் சொன்னால் பெயர், அளவு, எத்தனை நாள், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து இறைச்சியைச் சாப்பிடலாம், எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அரச திட்டத்தில் சுயதொழிலுக்கென்று முயல் கொடுத்திருந்தால், அதோடு வைத்திய உதவி இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

முயலைக் காசு கொடுத்து வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வந்த வாரமே நோயில் விழுந்தால், விற்றவர் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றுதான் நிற்பார். சீட்டு இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். புதிய முயலை இரண்டு வாரம் தனிக்கூட்டில் வையுங்கள். ஓரிரு நாளில் பல முயல்கள் திடீரென்று செத்தால் மிச்சத்தை விற்காதீர்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்காதீர்கள். உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

செத்ததைப் புதைக்கும் அவசரமும் வேண்டாம். பிரேதப் பரிசோதனையில் ஒரு முயல் சொல்வது மிச்ச முயல்களைக் காப்பாற்றும். இரட்டைப் பையில் கட்டி, வெளியே ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். உறைய வைத்தால் உள்ளுறுப்பு கெட்டுச் சரியாகத் தெரியாது.

பசறை அக்கா செத்ததைப் புதைத்துவிட்டிருந்தார். மிச்ச மூன்றின் புழுக்கையை யோகட் கோப்பையில் அள்ளிக்கொண்டு மறுநாள் அலுவலகம் போனார். அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனது. "மாட்டோட நின்னவங்க எல்லாம் என் கோப்பையவே பார்த்தாங்க தம்பி" என்று சிரித்தார். மூன்று முயல்களும் இருக்கின்றன.