மரக்காணத்தின் வாக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலும்

குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் பங்கு மக்களிடையே ஒரு கேள்வி தவறாது எழுவதுண்டு. "பஞ்சாயத்துத் தலைவருக்கு வாக்களிக்கிறோம், சட்டமன்றத்துக்கு வாக்களிக்கிறோம், நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறோம், நாட்டின் முதற் குடிமகனைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் நமக்குப் பங்கில்லையா?" என்பதே அக்கேள்வி. ஆடி மாதத்து வெயிலில் மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகளிலிருந்து உப்பை வாரிக் கரையில் குவிக்கும் நம் மக்களுக்கு, சென்னைக் கோட்டையில் நடைபெறும் ஒரு வாக்கெடுப்பு தொலைவிலுள்ள செய்தியாகவே தோன்றும். ஆனால் உப்பு என்பது அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் அமைந்த பொருள். நம் ஊரின் பிழைப்பே தில்லியோடு பிணைந்திருக்க, அங்கே அமரும் தலைவரை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நாம் அறியாதிருத்தல் ஆகுமோ?

அரசியல் சட்டத்தின் 54ஆம், 55ஆம் பிரிவுகள் இதற்கு வழி வகுத்துள்ளன. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் சேர்ந்து வாக்காளர் குழுவாக அமைகின்றனர். சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு மாநிலந்தோறும் மதிப்பு வேறுபடும். மாநிலத்தின் மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 4,11,99,168. அதனை 234ஆல் வகுத்துப் பின் ஆயிரத்தால் வகுத்தால் 176 கிடைக்கிறது. ஆக, தமிழகச் சட்டமன்றம் முழுவதற்கும் 41,184 மதிப்பு வாக்குகள். திண்டிவனம் தொகுதியைச் சேர்ந்த மரக்காணத்தின் சார்பில் இத்தேர்தலில் விழுவதும் அந்த 176தான்.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், கனகசெட்டிகுளத்தில் புதுச்சேரி எல்லை தொடங்கிவிடுகிறது. அதே கடல், அதே மணல், அதே மக்கள். ஆயினும் அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 16 மட்டுமே. முன்பு அதுவும் இல்லை. புதுச்சேரி, தில்லி ஆகியவற்றின் உறுப்பினர்களுக்கு 1992ஆம் ஆண்டின் 70ஆம் திருத்தமே இவ்வாக்குரிமையை வழங்கியது. நியமன உறுப்பினருக்கோ இத்தேர்தலில் இடமே கிடையாது. ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் சார்பில் நம் சட்டமன்றத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்த நியமன உறுப்பினர் எவரும் குடியரசுத் தலைவருக்கு வாக்களித்ததில்லை. 2020இல் அந்த நியமன இடமும் ஒழிந்துவிட்டது.

அமெரிக்க நாட்டின் அதிபர் தேர்தலைச் செய்தித்தாள்களில் படிப்போர், மாநிலத்துக்கு மாநிலம் ஒரு தனிப் போட்டி நடப்பதையும், பெரும்பாலான மாநிலங்களில் முந்தியவருக்கே அம்மாநிலத்தின் இடங்கள் முழுவதும் சேர்ந்துவிடுவதையும் அறிவர். நம் நாட்டு முறை அவ்வாறன்று. தமிழகத்தில் குறைந்த வாக்குப் பெற்றவரின் வாக்குகளும் வீணாவதில்லை. அவையும் தில்லிக்குச் சென்று அவர் கணக்கில் சேருகின்றன. மேலும் இங்கே வாக்காளர் தம் விருப்ப வரிசையை 1, 2, 3 என்று எண்களால் குறிக்க வேண்டும். இந்த இரண்டாம் விருப்பம் என்பது வெறும் அலங்காரம் அன்று என்பதை நாட்டுக்குக் காட்டிய ஆண்டு 1969.

அவ்வாண்டின் வரலாறு தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1969 மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். அடுத்தவர் யார் என்பதில் காங்கிரஸ் பிளவுபட்டது. காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியை முன்னிறுத்தினர். பிரதமர் இந்திரா காந்திக்கு அது உடன்பாடன்று. துணைத் தலைவராயிருந்த வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். கிரி நம் மக்களுக்கு அந்நியர் அல்லர், தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், 1937இல் இராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர். மூன்றாமவர் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் அவரை ஆதரித்தன.

தமிழகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1967 தேர்தலில் தி.மு.க. 137 இடங்களையும், காங்கிரஸ் 51 இடங்களையும், சுதந்திராக் கட்சி 20 இடங்களையும் வென்றிருந்தன. அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்து, கருணாநிதி முதல்வராகிச் சில திங்களே ஆகியிருந்தன. தி.மு.க. கிரியை ஆதரித்தது. அதே ஆண்டு ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றிருந்த காமராஜர் ரெட்டியின் பக்கம் நின்றார். உப்புக்காக 1930இல் வேதாரணியத்துக்கு நடந்த இராஜாஜியின் கட்சியோ தேஷ்முக்கின் பக்கம். 1967இல் தி.மு.க.வோடு கைகோத்துக் காங்கிரசை வீழ்த்திய இராஜாஜி, இரண்டே ஆண்டுகளில் அதனின்றும் வேறு வழியில் சென்றார். ஒரே மாநிலம், மூன்று தலைவர்கள், மூன்று வேட்பாளர்கள்!

ஆகஸ்டு 16ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. எவரும் அதனை எட்டவில்லை. பின்னடைந்தோரின் வாக்குகள் இரண்டாம் விருப்பப்படி பிரிக்கப்பட்டபோது, கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டி 4,05,427 வரை நெருங்கி வந்தார். வேறுபாடு 14,650. அன்று 1961ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழக உறுப்பினரின் வாக்கு மதிப்பு 144. கிரிக்கு வாக்களித்த நம் உறுப்பினர்களில் 51 பேர் ரெட்டியின் பக்கம் மாறியிருப்பின், ரெட்டி 38 மதிப்பு வாக்குகள் முந்தியிருப்பார். (1967இல் காங்கிரஸ் இங்கே பெற்ற இடங்களும் 51தான் என்பது தற்செயலான ஒற்றுமை.) தி.மு.க.வின் வாக்குகள் மட்டுமே ஏறத்தாழ இருபதாயிரம் மதிப்புடையவை. தமிழகச் சட்டமன்றம் வேறு விதமாக வாக்களித்திருந்தால் இந்தியாவின் வரலாறே வேறு விதமாகச் சென்றிருக்கும் என்று சொல்வது மிகையன்று.

அத்தேர்தலில் பிரபலமான சொல் ஒன்று உண்டு: மனச்சாட்சி. கட்சியின் வேட்பாளரைப் பாராமல் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று தம் கட்சியினரைப் பிரதமர் கேட்டுக்கொண்டார். அழகிய சொல்தான். ஆனால் ஆட்சியின் உச்சியில் இருப்பவர் மனச்சாட்சியைப் பின்பற்றச் சொல்லி, அது எவரைச் சுட்டவேண்டும் என்பதையும் குறிப்பால் உணர்த்திவிட்டால், அங்கே பேசுவது எவருடைய மனச்சாட்சி? இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனச்சான்றை மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறையாகக் காண்கிறது. அவ்வறைக்குள் கட்சிக் கொறடாவுக்கு அனுமதியில்லை, பிரதமருக்கும் இல்லை. அதே வேளையில், எதிர்த் தரப்புத் தலைவர்கள் இரண்டாம் விருப்பத்துக்காகத் தங்கள் கொள்கைக்கு மாறான கட்சிகளின் கதவைத் தட்டியதையும் நாம் மெச்ச இயலாது. இத்தேர்தலின் வடு ஆழமானது. அவ்வாண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாயிற்று. 1971இல் இந்திராவின் காங்கிரஸ் தமிழகச் சட்டமன்றத்துக்கு ஓரிடத்திலும் போட்டியிடாமல் தி.மு.க.வுக்கு வழிவிட்டது, காமராஜரும் இராஜாஜியும் ஓரணியில் நின்றும் தோற்றனர்.

அதன்பின் இத்தகைய விறுவிறுப்பு அரிதாயிற்று. 2002இல் இராமேசுவரத்தின் அப்துல் கலாமும், சென்னையில் பிறந்த கேப்டன் இலட்சுமி சேகலும் எதிரெதிரே நின்றபோது, இரு வேட்பாளர்களும் தமிழ் மண்ணைச் சேர்ந்தவர்கள் என்ற பெருமை நமக்கு இருந்தது. தி.மு.க., அ.தி.மு.க. இரண்டுமே கலாமை ஆதரித்ததால் இங்கே போட்டி என்று சொல்வதற்கு ஏதுமில்லை.

2022இல் போட்டி இருந்தது. சந்தாலிப் பழங்குடியில் பிறந்த திரௌபதி முர்முவும், முன்னாள் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்காவும் சென்னைக்கு வந்து ஆதரவு கேட்டனர். தி.மு.க.வும் அதன் தோழமைக் கட்சிகளும் சின்காவை ஆதரித்தன. அ.தி.மு.க., பா.ம.க., பா.ஜ.க. ஆகியவை முர்முவை ஆதரித்தன. ஒரு வாரத்துக்கு முன்புதான் ஒருவரையொருவர் விலக்கிக்கொண்ட அ.தி.மு.க.வின் இரு தலைவர்களும் இந்த ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர். ஜூலை 18ஆம் நாள் காலை மருத்துவமனையிலிருந்து வெளிவந்த முதல்வர் ஸ்டாலின் நேரே வந்து வாக்களித்தார். உறுப்பினர் 234 பேரின் வாக்குகளில் சின்காவுக்கு 158, முர்முவுக்கு 75. ஒன்று செல்லாத வாக்கு. மதிப்பில் கூறினால் 27,808, 13,200, வீணானது 176. நாடு முழுவதிலும் 6,76,803 மதிப்பு வாக்குகள் பெற்று முர்மு வென்றார்.

அந்த ஒரு செல்லாத வாக்கைப் பற்றிச் சிறிது எண்ண வேண்டியுள்ளது. தேர்தல் ஆணையம் தரும் தனிப் பேனாவால் ஓர் எண்ணை இடவேண்டியதே முழு வேலை. அதில் தவறினால், கணக்கின்படி 1,76,000 பேரின் குரல் கரைந்துபோகிறது. பருவம் தவறிப் பெய்த மழையில் விளைந்த பாத்தி கரைவதைக் கண்டவர்களுக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. அவர் யார் என்பது எவருக்கும் தெரியாது; தெரியவும் கூடாது. வாக்கு இரகசியமானது, கட்சிக் கட்டளை இத்தேர்தலுக்குப் பொருந்தாது. திண்டிவனம் தொகுதியில் 2021இல் வென்றவர் அ.தி.மு.க.வைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே நாம் அறிந்தது.

நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் செய்தி இனிமேல்தான் வருகிறது. திண்டிவனம் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. அவ்வொதுக்கீடு நியாயமானது, நாம் அதனை மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒரே தெருவில், ஒரே துன்பத்தைச் சுமந்து, ஒரே அளத்தில் கூலி வேலை செய்யும் இரு சகோதரர்களில் ஒருவர் திருமுழுக்குப் பெற்றவராயின், அவர் அத்தொகுதியில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க இயலாது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளிவந்த அரசியல் சட்ட (தாழ்த்தப்பட்ட சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தவர் அல்லாதாரைத் தாழ்த்தப்பட்டோராகக் கருதக்கூடாது என்றது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் நாடாளுமன்றம் இதனைத் திருத்தியது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திருத்தவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதனை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அந்த 176 மதிப்புள்ள வாக்குச் சீட்டு நம் தலித் கிறிஸ்தவரின் கைக்கு இத்தொகுதியிலிருந்து எட்டாமலிருப்பதற்குக் காரணமான 1950ஆம் ஆண்டு ஆணை, குடியரசுத் தலைவரின் பெயரிலேயே பிறப்பிக்கப்பட்டது.

இன்னொரு கணக்கும் எஞ்சியுள்ளது. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனால் இழப்புக்கு உள்ளாகக் கூடாது என்பதற்காக, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் அக்கணக்கை நிலைநிறுத்தியது. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கு வெளிவரும் வரையில் நீட்டித்தது. இப்போது நம் உறுப்பினரின் மதிப்பு 176, உத்தரப் பிரதேச உறுப்பினரின் மதிப்பு 208. உறுப்பினர் எண்ணிக்கை மாறாமல் 2011ஆம் ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்திப் பார்த்தால், நமக்கு 308, அவர்களுக்கு 496 ஆகும். நாட்டு மக்களில் தமிழகத்தின் பங்கு 1971இல் நூற்றுக்கு ஏழரை; 2011இல் ஆறுக்கும் சற்றுக் குறைவு. 1969இல் நாட்டின் தலைவரை முடிவு செய்யும் அளவுக்குக் கனமாயிருந்த மாநிலம், புதிய கணக்கு வரும்போது தராசில் இலேசாகிவிடும்.

அக்கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படை நாளாக அரசு அறிவித்தது. மார்ச்சு மாதம் உப்பு விளையும் காலம். விடியுமுன் அளத்துக்குச் செல்வோர் வெயில் ஏறிய பின்னரே வீடு திரும்புவர். கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும் வேளையில், வீட்டில் உள்ள அனைவரின் பெயரையும் சொல்ல ஒருவரேனும் இருந்தாக வேண்டும்.