உறைநிலத்தில் ஒரு குழாய்வழி



வீடு கட்டுவோர் முதலிற் பார்ப்பது நிலத்தின் உறுதியை. பாறைபோல் இறுகிய நிலமே உருகிச் சேறாகுமாயின், அதன்மேல் எழுப்பியது எவ்வாறு நிற்கும்? அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் அமைத்த பொறியியலாளர் எதிர்கொண்ட வினா இதுவே.

ஆர்க்டிக் கரையிலுள்ள புரூடோ குடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை செல்லும் இக்குழாய்வழி ஏறத்தாழ 800 மைல் நீளமானது. விட்டம் 48 அங்குலம். 1977 யூன் மாதத்தில் இதில் எண்ணெய் பாயத் தொடங்கிற்று. கிணற்றிலிருந்து எழும் எண்ணெய் சூடானது. குழாயை உறைநிலத்திற் புதைத்தால் மண்ணிலுள்ள பனிக்கட்டி உருகும். குழாய் அமிழ்ந்து முறியவுங்கூடும். ஆகவே ஏறக்குறைய 420 மைலுக்கு அதனை உயர்த்தி, சுமார் 78,000 தூண்களிலே தாங்கவைத்தனர்.

தூண்கள் ஊன்றிய மண்ணும் உருகலாகாதன்றோ? அதற்காகப் பெரும்பாலான தூண்களுள் அமோனியா அடைத்த குழல்களை வைத்தனர். மாரியில் அமோனியா மண்ணின் வெப்பத்தை ஏற்று ஆவியாகி மேலெழும். உச்சியிற் குளிர்ந்து திரவமாகி மீண்டும் இறங்கும். எந்திரமின்றியே நிலம் இறுகுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குழாய் அசையலாம், தூண் அசையலாகாது. வெப்பத்தால் நீளவும் குளிரால் ஒடுங்கவும் குழாய்க்கு இடம் வேண்டும். அதனால் அதனை வளைந்து வளைந்து செல்லுமாறு அமைத்து, குறுக்குச் சட்டங்களின்மேல் வழுக்கவிட்டனர். தூணோ, மேல்மண் உறையும்போது மேலே தள்ளப்படலாம், உருகும்போது அமிழலாம், சரிவிலே சாயலாம். ஆதலால் தூண்களின் உயரத்தையும் சாய்வையும் அளந்து முன்னைய அளவுகளோடு ஒப்பிடுகின்றனர். குழல்கள் தொழிற்படுகின்றனவா என்பதை வெப்பத்தைக் காட்டும் கமராக்கள் அறிவிக்கின்றன.

2002 நவம்பர் 3 ஆம் நாள் 7.9 அளவான பூமியதிர்ச்சி டெனாலிப் பிளவில் நிகழ்ந்தது. தாங்கிகள் சில சேதமுற்றன, குழாய் தனக்கென விட்ட இடத்திலே நகர்ந்தது, எண்ணெய் சிந்தவில்லை. ஆனால் நிலம் மெல்ல உருகுவது அதிர்ச்சிபோல் எவரையும் எழுப்புவதில்லை. பெயர்பாங்ஸ் நகருக்கு வடக்கே ஒரு சரிவில் உறைநிலம் உருகித் தூண்கள் சாய்ந்தமையால், 2021 இல் அங்கு மேலும் குளிரூட்டுங் குழல்களை நாட்ட நேர்ந்தது.

உலகம் வெப்பமுறுங்கால் இத்தகைய இடங்கள் பெருகக்கூடும். ஒரு தூண் சில அங்குலம் சாய்ந்ததை உரிய காலத்திற் குறித்துக்கொள்ளும் கண்ணே, அக்குழாய் கடந்து செல்லும் ஆறுகளுக்குங் காவலாகும்.