பொங்கல் விழாப் படம் விளம்பரப் பலகைக்குப் போகலாமா?

தை பிறக்கும் வாரத்தில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஐ.டி. அலுவலகங்களுக்குள் எட்டிப் பார்த்தால் வரவேற்பறையில் கோலம், மாடியில் உறியடி, லிஃப்டில் வேட்டியும் பட்டுப்புடவையுமாகக் கூட்டம். கூடவே, கம்பெனி அமர்த்திய போட்டோகிராபர். அன்று மாலையே படங்கள் லிங்க்ட்இன்னுக்குப் போய்விடும். சில மாதம் கழித்து, கரும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த பெண்ணின் முகம் மட்டும் தனியாக வெட்டப்பட்டு ‘எங்களோடு சேருங்கள்’ என்ற ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் வந்து நிற்கும். அதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டு வேறு கம்பெனிக்கே போயிருக்கலாம்.

இங்கே இரண்டு உரிமைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, படம் யாருடையது என்பது. இன்னொன்று, அந்த முகம் யாருடையது என்பது.

முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்துக்கு முதல் உரிமையாளர், காசு கொடுத்தவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய. பிரிட்டனில் 1988 சட்டத்துக்குப் பிறகு இது தலைகீழ்: அங்கே பொதுவாகப் படம் எடுத்தவருக்கே உரிமை. வெளிநாட்டு யூடியூப் வகுப்புகளைப் பார்த்துவிட்டு ‘படம் எடுத்தவன் நான், உரிமையும் எனக்குத்தான்’ என்று நம்பும் இளம் போட்டோகிராபர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விழாப் படங்களைத் தன் ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராமில் போட விரும்புபவர், அதைக் கொட்டேஷனிலேயே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆனால் உரிமை கைமாறினாலும் ஒன்று அவரிடமே தங்கும். படத்தைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் வரும்படி பயன்படுத்தினால் தடுக்கலாம் என்று 57-ஆவது பிரிவு சொல்கிறது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால், நம்மூர் வழக்கு ஒன்றுக்கே வந்து சேர வேண்டும். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ பத்திரிகை வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே அது அதிகம் பேசப்படுகிறது. அதே தீர்ப்பில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஹெச்.ஆர். துறையினர் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய வரி அது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

படத்துக்கு உரிமம் இருந்தால் முகத்துக்கும் இருப்பதாக நினைத்த ஒரு நிறுவனம் 2007-இல் மாட்டிக்கொண்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தியை, தேவாலயத்தினர் நடத்திய கார் கழுவும் நிகழ்ச்சியில் ஒருவர் படமெடுத்து ஃப்ளிக்கரில் ஏற்றினார். எவரும் வணிகத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமமும் கொடுத்திருந்தார். செல்போன் நிறுவனமான விர்ஜின் மொபைலின் ஆஸ்திரேலியக் கிளை அந்தப் படத்தை எடுத்து, ‘பேனா நட்பைக் கைகழுவு’ என்கிற மாதிரி ஒரு கேலி வாசகத்தோடு விளம்பரமாக்கிவிட்டது. சிறுமியின் குடும்பம் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை டெக்சாஸில் விசாரிக்க அதிகாரமில்லை என்று 2009-இல் வழக்கு தள்ளுபடியானது. கம்பெனி தப்பித்தது எல்லைக்கோட்டால்தான்.

இந்தியாவில் இனி ‘படத்துக்கு உரிமம் இருக்கிறது’ என்ற சாக்கும் கடினம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அடையாளம் தெரியும் முகப்படமும் தனிநபர் தரவே. எதற்காகச் சம்மதம் வாங்கினார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். வேலை சம்பந்தமான தேவைகளுக்கு முதலாளிக்கு விலக்கு உண்டு. ஐ.டி. கார்டுக்குப் படம் எடுப்பதை அதில் சேர்க்கலாம், விளம்பரப் பலகையைச் சேர்ப்பது வம்பு. ‘ஃபேமிலி டே’ அன்று வரும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கெடுபிடி: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின்படி முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும். அதுவரை காத்திருக்காமல் இப்போதே படிவத்தை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

சம்மதம் ஒரு பக்கம் இருக்க, பிராண்டைக் காப்பாற்றுவது என்றாலே லோகோ வெட்டுப்படாமல் எடுப்பது, மேடையின் ஊதா விளக்கில் கம்பெனியின் சிவப்பு கத்திரிப்பூ நிறமாகாமல் பார்ப்பது, போட்டிக் கம்பெனியின் தண்ணீர் பாட்டிலை மேசையிலிருந்து நகர்த்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை வேண்டியவைதான். பெரிய ஆபத்து இருப்பது பின்னணியில். 2012 நவம்பரில் பிரிட்டன் இளவரசர் வில்லியம் விமானப்படைத் தளத்தில் பணிபுரியும் படங்கள் வெளியாயின. பின்சுவரில் ஒட்டியிருந்த தாளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பளிச்சென்று தெரிந்தன. படங்களை மங்கலாக்கி மறுபடி வெளியிட்டார்கள், கடவுச்சொற்களையும் மாற்றினார்கள். அரண்மனைக்கே இந்தக் கதி என்றால், ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த கம்ப்யூட்டர் திரையில் ஒரு அமெரிக்க வங்கியின் பெயர் தெரிவது அதிசயமில்லை. வெள்ளைப் பலகையில் வாடிக்கையாளர் பெயரும் டெலிவரி தேதியும், கழுத்தில் தொங்கும் கார்டில் ஊழியர் எண்ணும் பார்கோடும் படத்தில் விழும். ரகசியம் காப்போம் என்று வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுத்த கம்பெனிக்கு ஒரு நல்ல படமே ஒப்பந்த மீறலாகிவிடும். படமெடுக்கும் முன் ஐந்து நிமிடம் தளத்தைச் சுற்றி வந்து, பலகையை அழிக்கச் சொல்வது போட்டோகிராபரின் வேலைதான்.

நடனம், நீச்சல்குளம், மது புழங்கும் ரிசார்ட் விருந்து ஆகியவற்றில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வேலை நிமித்தம் போகும் எந்த இடமும் பணியிடம்தான் என்கிறது பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. ஒரு பெண்ணின் படத்தை ஆபாச நோக்கில் எடுத்தாலோ, வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கிண்டலடித்தாலோ, மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் உண்டு. மார்ஃப் செய்யப்பட்ட படம் என்றால் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்துக்கே போய்விடலாம்.

போட்டோகிராபருக்கும் ஒரு குறை உண்டு. படம் கொடுத்த மறுநாளே ஃபேஸ்புக்கில் ஏறிவிடும், பில் மட்டும் அக்கவுன்ட்ஸில் மாதக்கணக்கில் தூங்கும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

கடைசியாக, சம்மதமில்லாமல் தன் படம் விளம்பரத்தில் வந்திருப்பதைப் பார்க்கும் ஊழியர் முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியும் முகவரியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும். பிறகு ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில், எந்தப் படம், எங்கே வந்தது, எந்தத் தேதிக்குள் நீக்க வேண்டும் என்று எழுத வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸுக்கும், தடையாணை கேட்டு சிவில் நீதிமன்றம் போவதற்கும் அந்த மின்னஞ்சல்தான் முதல் ஆவணம்.